தக்கையின் ஷூவில் ஒரு வாய் டீ

நகராட்சி நீச்சல் குளத்தின் புகார்ப் புத்தகத்தில் பதினான்கு புகார்கள் ஒரே பொருளைப் பற்றியவை. சிறுவர் பகுதியில் பயிற்சி கொடுக்கும் அம்மாளின் ரப்பர் ஷூ. குளோரின் வாடையையும் மீறிக்கொண்டு வருகிறது என்று ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் காற்று வீசும் திசையைப் படம் போட்டே விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு புகாருக்கும் கீழே அந்த அம்மாளே ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பார்த்தாள், அவ்வளவுதான். கழுவுவதாக எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை.

பதினோரு வருடமாகக் கழுவவில்லை. சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. விசில் கட்டியிருக்கும் கயிற்றைக்கூட வாரம் ஒரு முறை சோப்புப் போட்டு அலசுகிறவள் அவள். குளத்து ஆபீஸில் தொலைந்துபோன நீச்சல் கண்ணாடிகளைக் கலர் வாரியாகப் பிரித்து டப்பாவில் வைத்திருப்பாள். ஒற்றைக் காலுறைகளுக்குத் தனி டப்பா. அந்த ஷூவை மட்டும் பொத்திப் பொத்தி வளர்த்தாள். ஒரே ஒருவருடைய வாய்க்காக.

அவளைத் தக்கை என்று கூப்பிடுவார்கள். இப்போது மூன்றடித் தண்ணீரில் நின்று, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு முகத்தை முக்கிக் குமிழி விடச் சொல்லிக் கொடுக்கிறவள், ஒரு காலத்தில் நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் மலையைவிட்டு இறங்கும் ஆற்றில் கயாக் ஓட்டியவள். கயாக் என்பது ஒருவர் மட்டும் உட்காரும் ஒல்லிப் படகு. காலை உள்ளே நீட்டி உட்கார்ந்ததும் இடுப்பைச் சுற்றி ரப்பர் பாவாடையால் இறுக்கி மூடிவிடுவார்கள். கவிழ்ந்தால் படகோடு சேர்ந்து தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்க வேண்டியதுதான். அங்கிருந்தபடியே துடுப்பை வீசி இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் படகு நிமிர்ந்துவிடும். அது கைவராதவர்கள் பாவாடையை உருவிக்கொண்டு நீந்தி வெளியே வருவார்கள்.

நீந்துவதைக் கேவலமாக நினைக்கும் தண்ணீர்த் தொழில் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். நீந்தி வந்தவருக்குத் தண்டனை உண்டு. கரையேறியதும் அவருடைய ஈர ஷூவைக் கழற்றி, அதில் டீயை ஊற்றி, எல்லார் முன்னாலும் ஒரு வாய் குடிக்க வைப்பார்கள். ராஃப்ட் எனப்படும் காற்றடைத்த பெரிய படகில், பின்னால் உட்கார்ந்து திருப்பிக்கொண்டு போகும் கைடு பயணிகளைக் கவிழ்த்துவிட்டாலும் இதே சட்டம். விசாரணை கிடையாது, எச்சரிக்கைக் கடிதம் கிடையாது. ஒரு வாய் குடித்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது. அப்புறம் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

டீ போடுகிறவனுக்குக் கெட்டில் என்று பெயர். கரையில் கயிற்றுப் பையோடு நின்று, தண்ணீரில் விழுந்தவர்களுக்குக் கயிறு எறிவது அவன் வேலை. நாள் முழுக்க யாராவது விழுந்துகொண்டே இருக்க மாட்டார்கள் அல்லவா, அதனால் டீ. அவள் அங்கே இருந்த ஒன்பது வருடத்தில் கெட்டில் அத்தனை பேருக்கும் ஷூவில் ஊற்றியிருக்கிறான், தனக்கே இரண்டு தடவை ஊற்றிக்கொண்டிருக்கிறான். அவளுக்கு மட்டும் ஊற்ற வாய்ப்பே வரவில்லை. எந்தச் சுழியில் கவிழ்ந்தாலும் மூன்று எண்ணுவதற்குள் மேலே வந்துவிடுவாள். தக்கை என்ற பெயரை வைத்தவனும் அவன்தான்.

அந்தக் கம்பெனியின் முதலாளி, தக்கையின் அக்காவைக் கட்டியவர். அவளுக்கு அத்தான். ஊருக்குக் கேப்டன். கேப்டன் என்ற பட்டத்தை அவருக்குக் கொடுத்தது யார் என்று விசாரித்தால், விசிட்டிங் கார்டு அச்சடித்தவரைத்தான் கேட்க வேண்டும். அதற்கு முன்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். லாரியை விற்று இரண்டு ராஃப்டும் முப்பது ஹெல்மெட்டும் வாங்கினார். கைடுகளுக்கான பயிற்சி வகுப்பு நடந்த வாரம் ஏதோ டயர் விஷயமாக வெளியூர் போயிருந்தார். ஆனாலும் சான்றிதழ் சரியான தேதியில் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. சில பேர் ராசி அப்படி.

கேப்டன் அவ்வப்போது ராஃப்ட் ஓட்டவும் செய்தார். எப்போதும் இரண்டாவதாகத்தான் கிளம்புவார். முன்னால் போகிற ராஃப்ட் எந்தப் பக்கம் போகிறதோ, இவரும் அந்தப் பக்கம். யாரும் இதைக் கவனிக்கவில்லை. பின்னாலிருந்து வழி நடத்துவதுதான் தலைமைக்கு அழகு என்று அவரே விளக்கமும் சொல்லி வைத்திருந்தார்.

பதினோரு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் முன்னால் போக ஆசைப்பட்டார். வந்திருந்தது ஒரு வங்கி மேலாளரும் அவருடைய ஆபீஸ் கும்பலும். பெரிய மனிதர் ஏறுகிற படகைக் கூலிக்காரன் ஓட்டுவதா என்று கேப்டனே பின் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

அந்த ஆற்றில் ஐந்து இறக்கங்கள். நான்காவது மட்டும் இரண்டாகப் பிரியும், நடுவிலிருந்து சற்று இடது பக்கமாக ஒரு பாறை. கைடுகள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சாந்தமாக உட்கார்ந்திருக்கும். வலது பக்கமாக அடக்க ஒடுக்கமாகப் போனால் விட்டுவிடும். இடது பக்கம் போனால் பாறைக்குப் பின்னால் ஒரு சுழி, படகை மடக்கிப் போட்டு, உள்ளே இருக்கிறவர்களை ஒவ்வொருவராக விசாரிக்கும். எந்தப் பக்கம் வழி, எந்தப் பக்கம் சுழி என்று மேலேயிருந்து வருகிறவருக்குத் தெரியாது, வளைவு மறைக்கும். அதற்காகத்தான் கயாக்காரி முன்கூட்டியே இறங்கி, கீழே ஓரத் தேக்கத்தில் நின்று, துடுப்பைச் சாய்த்துக் காட்டுவாள். ஆற்றுக்காரர்கள் உலகம் முழுக்க மதிக்கும் விதி ஒன்று உண்டு: வழி எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் காட்டு. ஆபத்து இருக்கும் பக்கத்தை ஒருபோதும் காட்டாதே. இரைச்சலில், தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குக் குழப்பமே வரக் கூடாது. துடுப்பு சாய்ந்த பக்கம் படகு போக வேண்டும், அவ்வளவுதான்.

அன்று தக்கை வலது பக்கம் காட்டினாள். கேப்டன் இடது பக்கம் போனார்.

ஏழு பேரும் தண்ணீரில். தக்கை கயாக்கோடு சுழியின் வாய்வரை போய் நான்கு பேரை ஒவ்வொருவராக இழுத்து வந்தாள். மிச்ச மூன்று பேருக்குக் கெட்டில் கயிறு எறிந்தான். அந்த மூன்றில் ஒருவர் கேப்டன். உயிருக்கு யாருக்கும் ஆபத்தில்லை. மேலாளருக்கு மட்டும் முன்பல் இரண்டு போய்விட்டன. பல் போனாலும் அவருடைய சொல் போகவில்லை. இதற்கு யார் பொறுப்பு என்று கரையிலேயே கேட்டார்.

இருமிக்கொண்டே கேப்டன் சொன்னார், அவ தப்பாக் காட்டிட்டா என்று.

எந்தப் பக்கம் காட்டினாள், எது தப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. கெட்டில் நின்ற இடத்திலிருந்து பாறை மறைத்துவிட்டது, அவன் பார்த்திருக்கவில்லை. பின்னால் வந்த ராஃப்ட் இன்னும் வளைவைத் தாண்டவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது வீட்டுக்கு மட்டுமான சட்டம் இல்லை. முதலாளி கவிழ்த்தால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்துக்கு ஒரு ஆள் இருக்க வேண்டும்.

தப்பு அவளுடையது என்று ஆகிவிட்டதால் டீயும் அவளுடையது. அவள் நீந்தவில்லை, அவள் ஷூவில் ஊற்ற முடியாது. நீந்தியவர் கேப்டன். ஆகவே கேப்டனின் ஷூவில் ஊற்றி அவளிடம் நீட்டினார்கள். தொழில் தோன்றிய நாளிலிருந்து இப்படி ஒரு தீர்ப்பு எங்கேயும் வந்திருக்காது. தக்கை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கவிழ்ந்த செய்தி கேட்டு, டிக்கெட் கிழிக்கும் மேஜையை விட்டு ஓடி வந்திருந்த அக்கா அவள் காதோடு சொன்னாள்:

“ஒரு வாய்தானேடி. குடிச்சிடு. வந்தவங்க முன்னாடி அவர் மானம் போயிடும்.”

குடித்தாள். கேப்டனுக்குக் காலில் சேற்றுப்புண் இருந்தது. அன்று பார்த்துச் சர்க்கரையும் தீர்ந்துபோயிருந்தது.

மறுநாளே கம்பெனியை விட்டு வந்துவிட்டாள். வந்து சேர்ந்த இடம்தான் மூன்றடிக் குளம். அன்று தான் போட்டிருந்த ஷூவை அங்கே போட்டுக்கொண்டு முதல் நாள் வேலைக்குப் போனபோதே முடிவு செய்துவிட்டாள். இதை ஒரு நாள் அத்தானுக்குக் கொடுக்க வேண்டும். அதுவரை தண்ணீரில் ஊறலாம், காயலாம், ஊறலாம். சோப்பு மட்டும் படக் கூடாது.

கயாக் சான்றிதழையும் விடவில்லை. வருடா வருடம் பரீட்சைக்குப் போய்ப் புதுப்பித்துக்கொண்டாள். குமிழி விடக் கற்றுக் கொடுப்பவளுக்கு எதற்கு இது என்று அங்கே கேட்டார்கள். பொழுதுபோக்கு என்றாள். பொய்யும் இல்லை. சிலருக்குப் பாட்டு, சிலருக்குத் தோட்டம், இவளுக்குப் பழி. ஒழுங்காகச் செய்தால் அதற்கும் பயிற்சி வேண்டியிருக்கிறது.

முதல் ஏழு வருடம் அத்தான் பொய் சொன்னார் என்றே நம்பிக்கொண்டிருந்தாள். தான் காட்டியதைப் பார்த்தும், பழியைத் தள்ளிவிட்டார் என்று. அதற்குப் பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு வாசலில் அந்தக் காட்சியைப் பார்த்தாள். கேப்டன் புது வேனைப் பின்பக்கமாக ஷெட்டுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா பின்னால் நின்று, இடது பக்கத் தூணைக் கையால் காட்டிக்கொண்டே இருந்தாள். வண்டி வலது பக்கம் ஒடிந்து அழகாக உள்ளே போனது. அக்காவிடம் கேட்டாள், ஏன் தூணைக் காட்டுகிறாய் என்று. லாரிக்காரருக்கு அப்படிக் காட்டினால்தான் புரியும் என்றாள் அக்கா. கிளீனர் எந்தப் பக்கம் தட்டுகிறானோ அந்தப் பக்கம் என்னவோ இருக்கிறது என்று அர்த்தமாம். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டுமாம்.

தக்கை அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அத்தான் பொய் சொல்லவில்லை. வலது பக்கம் காட்டினாள், வலது பக்கம் பாறை என்று நினைத்து இடது பக்கம் போயிருக்கிறார். பாறை இடது பக்கம் இருந்ததும், இவள்தான் தப்பாகக் காட்டினாள் என்று மனதார நம்பியிருக்கிறார். ஆற்றுக்குள் லாரி ஓட்டியிருக்கிறார் மனிதர்.

கோபம் தணிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்குப் பழியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பொய்யனை மன்னித்துவிடலாம். அவனுக்காவது உண்மை என்னவென்று தெரியும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர் தீர்ப்பு எழுதி, அந்தத் தீர்ப்பைத் தான் குடித்திருக்கிறோம் என்பதை எப்படி மன்னிப்பது?

அன்றிலிருந்து திட்டம் தானாகவே உருவாகிவிட்டது. அது எவ்வளவு சுத்தமான திட்டம் என்று நினைக்க நினைக்க அவளுக்கே புல்லரித்தது. அத்தானை ஒரே ஒரு தடவை முன்னால் வரும் ராஃப்டில் உட்கார வைக்க வேண்டும். கீழே தான் நிற்க வேண்டும். விதிப்படி, புத்தகத்தில் போட்டிருக்கிறபடி, நேர்மையாக வலது பக்கம் காட்ட வேண்டும். லாரிக்காரர் தன் ஞாபகத்தைவிடக் கிளீனரின் கையைத்தான் நம்புவார், மிச்சத்தை மாமியார் பார்த்துக்கொள்ளும். கடமையைச் செய்தே ஒருவரைக் கவிழ்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பிள்ளைகள் சுற்றிலும் குமிழி விட்டுக்கொண்டிருக்க, நான்கு வருடம் அந்தக் காட்சியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அன்றைக்கு வெயில் எப்படி இருக்க வேண்டும் என்பதுவரை முடிவாகியிருந்தது. படகில் இருக்கும் மற்றவர்களுக்கு முகம் கிடையாது, ஹெல்மெட் மட்டும்தான். எல்லாருக்கும் நன்றாக நீந்தத் தெரியும் என்று கற்பனையிலேயே சான்றிதழ் கொடுத்துவிட்டாள்.

கேப்டன் அதற்குள் ஆற்றை விட்டு ஆபீஸ் நாற்காலிக்கு மாறியிருந்தார். முதுகு வலி என்றார். நாற்காலிக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு விண்ணப்பப் படிவம் வராமல் இருந்திருந்தால் தக்கையின் ஷூ இன்னும் ஊறிக்கொண்டுதான் இருந்திருக்கும். முதல்தர நிறுவனம் என்ற அங்கீகாரத்துக்காகக் கேப்டன் சுற்றுலாத் துறைக்கு ஒரு படிவம் போட்டார். உரிமையாளரின் நேரடி அனுபவம் என்ற கட்டத்தில் ‘தலைமை வழிகாட்டி, இன்றுவரை’ என்று எழுதினார். அதைப் படித்த அதிகாரி, மிகவும் நல்லது, அப்படியானால் சோதனைக்கு வரும்போது நீங்களே என்னை அழைத்துப் போங்கள் என்று பதில் போட்டுவிட்டார்.

அதே வாரம் கம்பெனியின் கயாக்காரனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. அந்த ஆற்றுக்குச் செல்லுபடியாகும் சான்றிதழ் வைத்திருக்கும் இன்னொரு ஆள் ஊரிலேயே ஒருத்திதான். கேப்டன் நேரில் வருவாரா? அக்காவை அனுப்பினார்.

அக்கா குளத்துக்கு வந்தபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஈரத் தரையில் வழுக்கிவிடப் போகிறோம் என்ற பயத்தில் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதுகூட மூக்கைப் பிடித்துக்கொள்கிற ஜென்மம் அது. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் ராஃப்டில் கால் வைத்ததில்லை. ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, ஒற்றைக் காலுறை டப்பாவைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

“உனக்கு இஷ்டம் இல்லன்னா வேணாம்டி. வீட்ல சொல்லிட்டுத்தான் வந்தேன், அவ வரமாட்டான்னு.”

“நான் எப்பக்கா வரமாட்டேன்னு சொன்னேன்?”

“பழசையெல்லாம் மனசுல வெச்சுக்கலையா நீ?”

“மனசுல வெக்கல” என்றாள் தக்கை. மேஜைக்கு அடியில் கால் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

சோதனை நாளன்று வெயில் அவள் கற்பனை செய்திருந்தது போலவே அடித்தது. கைடுகள் ஏழெட்டுப் பேர் நான்காம் இறக்கத்தின் கரைக்கு முன்கூட்டியே போய்விட்டார்கள். எல்லாரும் அன்றைக்கு இருந்த அதே ஆட்கள், கொஞ்சம் தொப்பை கூடியிருந்தது. இந்தத் தடவை கெட்டில், பாறை மறைக்காத இடமாகப் பார்த்து நின்றான். ராஃப்டில் அதிகாரியும், துறையிலிருந்து வந்த நான்கு பேரும். அதிகாரி ஒல்லி மனிதர், தாடையில் ஒரு பழைய தழும்பு. எத்தனையோ ஆறு பார்த்தவர் என்று லைஃப் ஜாக்கெட் வாரை இழுத்துப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. இன்னும் ஒரு இடம் காலியாக இருந்தது. பேச்சுவாக்கில் அவர் கேட்டார், உங்கள் வீட்டில் யாராவது இதில் ஏறியிருக்கிறார்களா என்று.

கேப்டன் ஒரு நொடி யோசித்தார். பிறகு டிக்கெட் மேஜையின் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினார்.

ஐந்தே நிமிடத்தில் அக்கா ஆரஞ்சு நிற ஜாக்கெட்டுக்குள் பொதிந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட் புருவம்வரை இறங்கியிருந்தது. தக்கை கயாக்கைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு போனவள் அப்படியே நின்றாள். ஜாக்கெட்டின் ஒரு வார் மாறி மாட்டியிருந்தது. திரும்பி வந்து, குனிந்து, அதைக் கழற்றிச் சரியாக மாட்டினாள். இறங்கிவிடு என்று சொல்லிப் பார்த்தாள். அவர் எல்லார் முன்னாடியும் கூப்பிட்டுவிட்டாரே, எப்படி இறங்குவது என்றாள் அக்கா. அப்புறம், பல் கிட்டிப்போன குரலில்:

“கீழ நீ நிக்கிறல்ல. எனக்கென்னடி பயம்.”

முதல் மூன்று இறக்கமும் நேராக இறங்கும். துடுப்பை நெட்டுக்குத்தலாக உயர்த்திக் காட்டினால் போதும், வா என்று அர்த்தம். அதைக் கேப்டனும் சரியாகப் புரிந்துகொண்டார். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு பின் இருக்கையில் அவர் நெஞ்சு ஒரு அங்குலம் உயர்ந்தது. தக்கை முன்னால் விரைந்து, நான்காவதில் இறங்கி, மாமியாருக்குக் கீழே ஓரத் தேக்கத்துக்குள் புகுந்து திரும்பி நின்றாள்.

பதினோரு வருடம். அவள் செய்ய வேண்டியதெல்லாம் சரியானதைச் செய்வது மட்டும்தான். அதிகாரி உள்ளேயே இருக்கிறார், சாட்சிக்குக் கரை முழுக்க ஆட்கள். வலது பக்கம் காட்டினால் சட்டம், தொழில், கடவுள் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்க முடியாது.

வளைவில் ராஃப்டின் மூக்கு தெரிந்தது. அதற்கு மேலே ஒரு ஆரஞ்சு மூட்டை. மூட்டை ஒரு கையால் கயிற்றையும் மறு கையால் தன் மூக்கையும் பிடித்திருந்தது.

தக்கை ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். ஆற்று இரைச்சலில் அது ஆற்றுக்கு மட்டும்தான் கேட்டது. துடுப்பை உயர்த்தி இடது பக்கம் சாய்த்தாள். நேராக மாமியாரைப் பார்த்து.

கரையில் கெட்டிலின் கையிலிருந்து கயிற்றுப் பை நழுவி விழுந்தது. கேப்டன் துடுப்பை ஆழக் குத்தி, வலது, வலது, எல்லாரும் முன்னாடி போடுங்க என்று கத்தினார். ராஃப்ட் வலது பக்கம் வழுக்கிக்கொண்டு, பாறையை உரசாமல், வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கிவிட்டது. தலைமுடிகூட நனையவில்லை அக்காவுக்கு.

கரையேறியதும் கேப்டன் ஹெல்மெட்டைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். யாரும் போட்டோ எடுக்கவில்லை. எல்லாரும் தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கயாக்கை இழுத்துப் போட்டுவிட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி பிளாஸ்டிக் உறை போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார். சத்தம் போடவில்லை, தாழ்ந்த குரலில்தான் கேட்டார். எந்தப் பக்கம் காட்டினீங்க என்று கேட்டார். இடது என்றாள். வழி எந்தப் பக்கம் என்றார். வலது என்றாள். தெரிந்தேவா என்றார்.  தப்புதான் சார், எழுதிக்கோங்க என்று மட்டும் சொன்னாள்.

அவர் எழுதினார். கைடுகளுக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அன்றைக்கும் இப்படித்தான் காட்டியிருக்கிறாள் போல என்றான் ஒருவன். கெட்டில் அவளைப் பார்க்க முடியாமல் டீப் பாத்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். யோசித்துப் பாருங்கள். பதினோரு வருடமாகத் தன் மேல் ஒட்டியிருந்த பொய்யை, அக்காவைக் காப்பாற்றப்போய், அத்தனை பேர் கண் முன்னால் தானே நிரூபித்துக் கொடுத்துவிட்டாள். ஷூவுக்குள் கால் விரல்கள் ஈரத்தில் விறைத்துப்போயிருந்தன.

அதிகாரி நோட்டை மூடிக்கொண்டே கேப்டனிடம் திரும்பி, மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னார்.

“நல்லவேளை. ஏதோ அதிர்ஷ்டத்துல நீங்க எதிர்ப்பக்கம் திருப்பிட்டீங்க.”

கேப்டனை என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அதிர்ஷ்டம் என்று சொல்லியிருக்கக் கூடாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது கத்துவதற்கு மழைக்குக் காத்திருக்கும்.

“அதிர்ஷ்டமா? என்ன சார் நீங்க. அவ சரியாத்தானே காட்டினா. பாறை எடப்பக்கம், எடப்பக்கம் காட்டினா. நான் வலப்பக்கம் வந்தேன். இத்தன வருஷ அனுபவம் சார், அதிர்ஷ்டம்ங்கறீங்க.”

அத்தான் தன் வாழ்நாளில் அவளுக்காகப் பரிந்து பேசியது அதுதான் முதல் தடவை.

அதிகாரி நோட்டை மறுபடி திறந்தார். கெட்டில் டீப் பாத்திரத்தைக் கீழே வைத்தான். வைத்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

“அப்ப அன்னைக்கு எந்தப் பக்கம் காட்டினா, கேப்டன்?” என்று கேட்டான் கெட்டில்.

“என்னைக்கு?”

“பல்லு போச்சே, அன்னைக்கு.”

“வலப்பக்கம்” என்றார் கேப்டன், எரிச்சலோடு. “வலப்பக்கம் காட்டினா. பாறை பாத்தா எடப்பக்கம் நிக்குது. அதான் அப்பவே சொன்னேனே, தப்பாக் காட்டிட்டான்னு.”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே போய் விழுந்தது. சுற்றிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒரு கைடு ஆற்றைப் பார்த்தான், இன்னொருவன் ஹெல்மெட் வாரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். இடது, வலது என்று கேப்டனின் கை காற்றில் இரண்டு தடவை தானாகவே அசைந்து, அப்புறம் தொங்கிவிட்டது. அதிகாரி மட்டும் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

தக்கை குனிந்து, இடது காலின் ஷூக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை. முடிச்சு இறுகிப்போயிருந்ததால் பல்லால் கடித்து இழுத்தாள். ஷூ வெளியே வந்ததும் காற்று வாக்கில் நின்றிருந்த துறை ஊழியர்கள் இரண்டு பேர் இடம் மாறி நின்றார்கள். கெட்டில் யாரும் சொல்லாமலே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ஊற்றினான், ததும்ப ததும்ப. ஆவி பறந்தது. ஆவியோடு மற்றதும் பறந்தது.

கேப்டன் பின்வாங்கினார். நான் நீந்தவே இல்லையே என்றார். ராஃப்ட் கவிழவே இல்லையே, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். பதினோரு வருடம் தாமதமாக வந்திருந்தது. கட்டிய மனைவியைத் தேடினார். ஜாக்கெட்டைக் கழற்றத் தெரியாமல் அதே ஆரஞ்சு மூட்டையாக நின்றுகொண்டிருந்த அக்கா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். எந்தப் பக்கம் பேசுவாள் என்று தக்கைக்குத் தெரியாது. ஷூவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். சூடு காரணமாக இருக்கலாம்.

“ஒரு வாய்தானே” என்றாள் அக்கா, கணவரிடம். “குடிச்சிடுங்க.”

குடித்தார்.

அதிகாரியின் நோட்டிலிருந்து இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்று, ஆற்றுச் சைகைகளுக்கான பரீட்சையில் தேறும்வரை கேப்டன் எந்தப் படகிலும் கைடு இருக்கையில் உட்காரக் கூடாது. பதினோரு வருடத்துக்கு முந்தைய விபத்தின் காரணமும் கம்பெனிப் பதிவேட்டில் திருத்தி எழுதப்பட வேண்டும். இரண்டு, தெரிந்தே தவறான சைகை காட்டியதற்காகத் தக்கையின் சான்றிதழ் ஆறு மாதம் நிறுத்திவைக்கப்படுகிறது. ஆபத்தைக் காட்டாதே என்ற விதி அக்காவுக்காகக்கூட வளையாது. அதைத்தான் அவளும் எதிர்பார்த்தாள். அந்த உத்தரவைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் குளத்து ஆபீஸில், காலுறை டப்பாவுக்கு மேலே மாட்டியிருக்கிறாள். ஷூ இரண்டையும் சோப்புத் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்தாள். ஓய்வு பெற்ற பொறியாளர் புகார்ப் புத்தகத்தைத் திறந்து, எழுத ஒன்றுமில்லாமல் மூடிவைத்தார்.

பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள், இப்போது மனசு ஆறிவிட்டதா என்று. ஆறிவிட்டது என்றுதான் சொல்கிறாள். அக்காவும் வாரத்துக்கு ஒரு தரம் குளத்துக்கு வருகிறாள். மூன்றடித் தண்ணீரில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குமிழி விடப் பழகுகிறாள். ஒரே ஒரு குறை மட்டும் தக்கைக்குப் பாக்கி இருக்கிறது. ஒரு நாள் கெட்டில் அந்தப் பக்கம் வந்தபோது பேச்சோடு பேச்சாகக் கேட்டாள், அத்தானுக்கு ஊற்றிய டீயில் சர்க்கரை போட்டிருந்தாயா என்று.

போட்டிருந்தானாம். இரண்டு ஸ்பூன். பழக்கத்தில் போட்டுவிட்டானாம்.

தக்கை அவனோடு இரண்டு வாரம் பேசவில்லை.